சாய்ந்து செல்பவருக்கும் சாலையில் இடமுண்டு



நெடுந்தொலைவு மிதிவண்டிக் குழுப் பயணம் ஒன்றுக்கு அண்மையில் பெயர் கொடுத்திருந்தேன். தீவைச் சுற்றி வரும் பயணம் அது. படிவத்தில் வண்டியின் வகையைக் கேட்டிருந்தார்கள். உள்ளதை உள்ளபடி எழுதினேன். இரண்டு நாள் கழித்து மிகப் பணிவான பதில் ஒன்று வந்தது. என் வண்டி மற்றவர்களின் வண்டியைப் போல் இல்லாததால் குழுவில் சேர்த்துக்கொள்ள இயலவில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த அமைப்பாளர்கள் யார் என்பது இங்குத் தேவையற்றது. அவர்களிடம் கெட்ட எண்ணம் இருந்ததாகவும் நான் கருதவில்லை. ஆயினும் அந்தப் பதில் ஒரு கேள்வியை எழுப்பியது. ஒரு குழு தன் உறுப்பினரை எதைக் கொண்டு அளக்க வேண்டும்? அவர் உரிய நேரத்தில், பிறருக்கு ஊறு இன்றிப் போய்ச் சேருகிறாரா என்பதைக் கொண்டா? அல்லது அவர் ஏறிச் செல்லும் வண்டியின் வடிவத்தைக் கொண்டா?

நான் ஓட்டுவது சாய்விருக்கை மிதிவண்டி. ‘ரிக்கம்பென்ட்’ என்று ஆங்கிலப் பெயராலும் வழங்குவர். சாய்வு நாற்காலிக்கு இரண்டு சக்கரங்களைப் பொருத்தியது போன்ற தோற்றம் உடையது. முதுகு முழுவதும் இருக்கையில் சாய்ந்திருக்கும். கால்கள் முன்னோக்கி நீண்டிருக்கும். பெடல்கள் முன்சக்கரத்துக்கும் முன்னால் இருக்கும். அங்கிருந்து பின்சக்கரம் வரை செல்ல வேண்டியிருப்பதால், சங்கிலியின் நீளம் சாதாரண வண்டியில் உள்ளதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

விடியற்காலையில் ஜாலான் புசாரில் இதை ஓட்டிச் செல்லும்போது, காப்பிக் கடையில் அமர்ந்திருக்கும் சீன முதியவர்கள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார்கள். லாரியில் சாமான் ஏற்றும் தம்பிமார்கள் சிரிப்பார்கள். “ஐயா, படுத்துக்கொண்டே ஓட்டுகிறீர்களே, தூக்கம் வந்துவிடாதா?” என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். வராது. கால்கள் உழைத்துக்கொண்டிருக்கும்போது எந்த நாற்காலியும் மனிதனைத் தூங்க விடுவதில்லை.

இந்த வண்டியை நான் வேடிக்கைக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. கழுத்தெலும்பில் தேய்மானம் ஏற்பட்ட பிறகு, குனிந்து ஓட்டுவது கூடாது என்று மருத்துவர் கூறிவிட்டார். மிதிவண்டியை விட்டுவிடுவது அல்லது வேறு வகை வண்டிக்கு மாறுவது என்ற இரண்டே வழிகள் எஞ்சின. சாதாரணப் பந்தய வண்டியில் நூறு கிலோமீட்டர் சென்றவர்களுக்கு இதன் அருமை விளங்கும். உடலின் பாரம் உள்ளங்கைகளிலும் சிறிய இருக்கையிலும் இறங்குகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, குனிந்த நிலையில் சாலையைப் பார்ப்பதற்காகத் தலையை நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டியுள்ளது. 1983ஆம் ஆண்டு அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் போட்டியில் மைக்கேல் ஷெர்மர் என்பவரின் கழுத்துத் தசைகள் தலையைத் தாங்க முடியாத அளவுக்குச் சோர்ந்துபோயின. நெடுந்தொலைவு ஓட்டுநர்களுக்கு வரும் அந்த நிலைக்கு அவர் பெயரே இன்றும் வழங்குகிறது. சாய்விருக்கையிலோ பாரம் முதுகு முழுவதும் பரவிவிடுகிறது. கண்கள் இயல்பாகவே எதிரே நோக்குகின்றன.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். மேட்டில் ஏறும்போது பெடல்மேல் எழுந்து நின்று உடல் எடையால் அழுத்த முடியாது. கால்வலிமை ஒன்றே துணை. வண்டியின் எடையும் சற்று அதிகம். சிவப்பு விளக்கில் நின்று மீண்டும் புறப்படுகையில், முதல் இரண்டு சுற்றுகளுக்கு வண்டி தடுமாறும். உயரம் குறைவாதலால் கனரக வாகன ஓட்டுநரின் கண்ணில் படாமல் போகும் ஆபத்தும் உண்டு.

இந்த வண்டியை விலக்கி வைப்பது புதிதன்று. அதற்குத் தொண்ணூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. 1933ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், பாரிஸ் நகரில் ஃபிரான்சிஸ் ஃபோர் என்னும் ஓட்டுநர், ஷார்ல் மோஷே உருவாக்கிய சாய்விருக்கை வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் சென்றார். 1914 முதல் அசையாதிருந்த ஆஸ்கர் எக்கின் 44.247 கிலோமீட்டர் சாதனை அன்று வீழ்ந்தது. ஃபோர் அக்காலத்தின் முதல்நிலை வீரர்களில் ஒருவரும் அல்லர். காற்றைக் கிழித்துச் செல்வதில் அந்த வண்டிக்கு இருந்த திறமே அவரை முன்னே கொண்டு சென்றது. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஓட்டுநரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றை விலக்கவே செலவாகிறது. சாய்ந்திருப்பவர் காற்றுக்குக் காட்டும் முகப்பரப்பு குறைவு.

பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் என்ன செய்தது தெரியுமா? பந்தய மிதிவண்டி எப்படி இருக்க வேண்டும் என்று புதிய இலக்கணம் வகுத்தது. இருக்கைக்கும் பெடல் அச்சுக்கும் இடையே இருக்க வேண்டிய நிலைகளை அளவிட்டுக் கூறியது. 1934 ஏப்ரல் 1 முதல் சாய்விருக்கை வண்டி பந்தயக் களத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. அதே ஆண்டில் மோஷேயும் மறைந்தார். பல பத்தாண்டுகள் அவ்வகை வண்டியை ஏறெடுத்துப் பார்ப்பவர் அரிதாயினர். 1970களில்தான் அதன்மேல் மீண்டும் ஆர்வம் பிறந்தது. 2016இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், முழுவதும் மூடிய சாய்விருக்கை வண்டியில் டாட் ரைக்கர்ட் மணிக்கு 144 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தை எட்டினார். மனிதக் கால்களின் வலிமை மட்டும் செய்த வேலை அது!

பந்தயம் நடத்துவோர் அவ்வாறு விதி செய்ததை நான் குறை கூற மாட்டேன். யார் வேகமானவர் என்று அறிவதுதான் பந்தயத்தின் நோக்கம் என்றால், கருவி ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பது முறையே. நெடுந்தொலைவுக் குழுப் பயணம் பந்தயமா என்பதுதான் கேள்வி.

ஜாலான் புசாரிலிருந்து சற்று நடந்தால் ரேஸ் கோர்ஸ் சாலை வருகிறது. 1933ஆம் ஆண்டு புக்கிட் தீமாவுக்கு மாறும் வரை, ஃபேரர் பார்க் திடலில் குதிரைப் பந்தயம் நடந்துவந்தது. ஃபோர் பாரிசில் சாதனை படைத்ததும் அதே 1933தான். பந்தயக் குதிரைகள் போய்த் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் சாலையின் பெயர் நிலைத்திருக்கிறது. நம் மனங்களிலும் அப்படித்தான். பந்தயமே இல்லாத இடத்திலும் பந்தயத்தின் பெயரை ஒட்டிவைத்துக்கொண்டிருக்கிறோம்.

நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணத்தின் தாய்வீடு பிரான்சு. பாரிசிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் சென்று மீண்டும் பாரிஸ் திரும்பும் 1,200 கிலோமீட்டர் ஓட்டம் 1891ஆம் ஆண்டு தொடங்கியது. தொடக்கத்தில் அது பந்தயமே. 1931 முதல், பந்தய வீரர் அல்லாத சாதாரண ஓட்டுநர்களுக்கென்று தனிப் பயணமும் உடன் நடந்தது. பந்தயம் 1951உடன் நின்றுபோயிற்று. சாதாரண மக்களின் பயணமோ இன்றும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. 2023இல் நடந்ததற்கு இந்தியாவிலிருந்தும் பலர் சென்றனர். எது நிலைத்தது என்பதைக் கவனியுங்கள்.

இப்பயணத்தில் இடம்பெற, அதே ஆண்டில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் பயணங்களை முடித்திருக்க வேண்டும். சென்னை, கோவை நண்பர்கள் இவற்றைச் சுருக்கமாக ‘பி.ஆர்.எம்.’ என்பார்கள். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி என்பது காலவரம்பு. 1,200 கிலோமீட்டருக்கு அதிக அளவாக 90 மணி. கணக்கிட்டுப் பார்த்தால், உண்பதும் உறங்குவதும் உட்பட மணிக்கு 13 முதல் 15 கிலோமீட்டர்வரை சென்றால் போதும். வழியில் உள்ள நிலையங்களில் அட்டையில் முத்திரை பெற வேண்டும். நிலையம் மூடும் நேரம் இருப்பதுபோல் திறக்கும் நேரமும் உண்டு. அளவுக்கு மீறி விரைந்து வந்தவர் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான்! முதலிடம், இரண்டாமிடம் என்ற வரிசை கிடையாது.

வண்டியைப் பற்றிய விதி என்ன? மனித ஆற்றலால் மட்டுமே இயங்க வேண்டும் என்பதே தலையாய விதி. இருவர் ஓட்டும் வண்டி, மூன்று சக்கர வண்டி, சாய்விருக்கை வண்டி ஆகிய யாவும் வரலாம். இரவில் விளக்கும் ஒளி எதிரொளிக்கும் மேலாடையும் கட்டாயம். பாரிஸ் பயணத்தில் இத்தகைய சிறப்பு வண்டிகள் நெரிசலில் சிக்காதிருக்கத் தனி அணியாகப் புறப்படுகின்றன. புறப்படும் வேளைதான் வேறு. சாலை, காலவரம்பு, பதக்கம் மூன்றும் எல்லாருக்கும் ஒன்றே. விலக்கி வைப்பதற்கும், இடமளித்து ஒழுங்குபடுத்துவதற்கும் உள்ள வேறுபாடு இதில் தெளிவாகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். குழு அமைப்பாளர்கள் பொதுவாகக் கூறும் தடைகள் மூன்று.

முதலாவது, வேகம் சீராக இராது என்பது. இது உண்மை. மண்டாய் சாலையின் ஏற்றங்களில் நான் பின்தங்குவேன். இறக்கத்தில் எல்லாரையும் கடந்துவிடுவேன். லிம் சூ காங் போன்ற நேரான சாலையில் சேர்ந்தே செல்வேன். இதற்குத் தீர்வு எளியது. எங்கே நின்று ஒன்றுசேர்வது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம். எந்தக் குழுவாயினும் தண்ணீர் குடிக்கவும் உணவங்காடி நிலையத்தில் பசியாறவும் நிற்கத்தானே போகிறது? மேலும், 2022 ஜனவரி 1 முதல் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிப்படி ஒரு குழுவின் நீளம் ஐந்து வண்டிகளுக்கு மேல் போகக்கூடாது. இருவர் இருவராகச் செல்ல அனுமதியுள்ள சாலையில் பத்துப் பேர். ஒருவர் பின் ஒருவராகச் சென்றால் ஐந்து பேர். குழுக்களுக்கு இடையே இரண்டு விளக்குக் கம்பங்களின் தொலைவு, அதாவது ஏறத்தாழ 30 மீட்டர், இடைவெளி விட வேண்டும் என்பது பரிந்துரை. ஐம்பது பேர் ஒரே கூட்டமாகச் செல்லும் வழக்கத்தைச் சட்டமே கலைத்துவிட்டது. சிறு குழுக்களாகத்தான் செல்ல வேண்டும் என்றான பிறகு, வேறு வகை வண்டி ஒன்று வந்தால் கூட்டம் சிதறும் என்ற வாதத்துக்கு வலுவில்லை.

இரண்டாவது, பின்னால் வருபவருக்குக் காற்று மறைப்புக் கிடைக்காது என்பது. இதுவும் உண்மையே. தாழ்ந்து செல்பவரின் பின்னால் நிமிர்ந்து வருபவருக்குப் பெரிய உதவி கிடைப்பதில்லை. ஆகவே நான் பெரும்பாலும் முன்வரிசை முறையை ஏற்பதில்லை. ஆனால் என் தலைக்கு மேலாகச் சாலை முழுவதும் தெரிவதால், குழியோ கண்ணாடித் துண்டோ பின்னால் வருபவர் கண்ணுக்கு முன்கூட்டியே படும்.

மூன்றாவது, பாதுகாப்பு. இதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். தாழ்வான வண்டியை லாரி ஓட்டுநர் காணாமல் போனால், பிறகு எந்த வாதமும் உயிரைத் திருப்பித் தராது. அதனால்தான் இந்த வண்டி குழுவோடு செல்ல வேண்டும் என்கிறேன். தனியே செல்லும்போது நான் சாலையோரத்து நிழல். முன்னும் பின்னும் நிமிர்ந்து செல்பவர்கள் இருக்கும்போதோ எவர் கண்ணுக்கும் தப்பாத அணியின் ஓர் அங்கம். ஆபத்தைக் காரணம் காட்டி ஒருவரைக் குழுவிலிருந்து விலக்கினால் ஆபத்து குறைவதில்லை. அது அந்த ஒருவரின் தலையில் முழுவதுமாக இறங்குகிறது. அமைப்பாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது.

சாய்விருக்கை ஓட்டுநருக்கும் கடமைகள் உண்டு. கார் ஓட்டுநரின் கண் உயரத்துக்கு எட்டும் கொடிக்கம்பு, பகலிலும் எரியும் விளக்குகள், பின்னால் பார்க்கும் கண்ணாடி ஆகிய மூன்றும் இன்றி அவர் சாலைக்கு வரக்கூடாது. சாலையில் ஓட்டுவோர் அனைவருக்கும் 2019 முதல் கட்டாயமாகிவிட்ட தலைக்கவசத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. சிவப்பு விளக்கில் தடுமாறாமல் புறப்பட வாரக்கணக்கில் பயிற்சி செய்திருக்க வேண்டும். இறக்கத்தில் வேகம் கூடினாலும் குழுவுக்குள் புகுந்து முந்தக்கூடாது. இடம் கேட்பவர், அந்த இடத்தை வகிக்கும் தகுதியையும் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆசிரியர்களும் பெற்றோரும் படிக்கும் இப்பக்கத்தில் வண்டிக் கதை எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். காரணம் இருக்கிறது.

பீட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கு, தங்கள் பள்ளியில் தமிழ்ப் பாடம் இல்லாத உயர்நிலை மாணவர்கள் பல திசைகளிலிருந்து வருவதை நாம் அறிவோம். பள்ளி முடிந்த களைப்போடு, ரயிலும் பேருந்தும் மாறி வந்து தாய்மொழி படிக்கிற பிள்ளைகள் அவர்கள். அதுவும் ஒரு நெடுந்தொலைவுக் குழுப் பயணமே. அதில் உயர்தமிழ் படிப்போர் உண்டு. தமிழ் படிப்போர் உண்டு. தமிழ் ‘பி’ பாடத்திட்டத்தில் படிப்போரும் உண்டு. தொடக்கநிலையில் அடிப்படைத் தமிழ் படிப்போர் இருக்கிறார்கள். வண்டிகள் வேறு வேறு. போகும் திசை ஒன்று.

கல்வியமைச்சும் பந்தயப் பாதையிலிருந்து மெல்ல விலகி வருகிறது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் முதன்மை பெற்றவர்களின் பெயரை அறிவிக்கும் வழக்கம் 2012இல் நிறுத்தப்பட்டது. பிற மாணவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கிட்ட பழைய மதிப்பெண் முறை போய், 2021 முதல் ஒவ்வொரு பாடத்திலும் எட்டு நிலைகள் வந்தன. 90 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெற்றால் முதல் நிலை. பக்கத்து இருக்கைப் பிள்ளை எவ்வளவு பெற்றது என்பது இங்குக் கணக்கில் இல்லை. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதல், மாணவரைப் பிரிவு பிரிவாக அடைக்கும் முறையும் நீங்கி, பாடத்துக்குப் பாடம் தகுந்த நிலையில் படிக்கும் முறை நடப்புக்கு வந்தது. முத்திரை அட்டையின் தத்துவமும் இதுவே. உன் இலக்கு, உன் காலவரம்பு, உனக்குப் பொருந்தும் வண்டி.

ஆனால் பெற்றோர் சந்திப்பில் நாம் இன்னும் கேட்பது என்ன? “வகுப்பில் எத்தனையாவது, ஐயா?” என்றுதானே? தமிழ் ‘பி’ எடுக்கலாம் என்று ஆசிரியர் சொன்னவுடன், “அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்?” என்று முகம் வாடும் தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைக்கு, கழுத்து வலிக்க வலிக்கக் குனிந்து ஓட்டும் வண்டியைக் கொடுத்து, அது பாதி வழியில் இறங்கிவிட்டால் இழப்பு யாருக்கு? பிறகு அந்தப் பிள்ளை தமிழ்ச் சாலைப் பக்கமே திரும்பாது. சாய்ந்து சென்றாலும் சென்றுகொண்டே இருக்கும் பிள்ளை, நாற்பது வயதிலும் தமிழில் ஒரு செய்தித்தாளை எடுத்துப் படிக்கும். எனக்கு அது போதும்.

தக்க வண்டி என்றால் உழைப்பில்லாத வண்டி என்று யாரும் கொள்ள வேண்டாம். சாய்விருக்கையில் அமர்ந்தவரும் 200 கிலோமீட்டரையும் தம் கால்களால்தான் கடக்க வேண்டும். காலவரம்பில் ஒரு நிமிடச் சலுகையும் அவருக்குக் கிடையாது. அடிப்படைத் தமிழ் படிக்கும் பிள்ளையிடமும் அவ்வாறே முழு உழைப்பைக் கேட்க வேண்டும். சலுகை வேறு, பொருத்தம் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் ஒரு சாரார் இரக்கப்பட்டுக் கெடுக்கிறார்கள். மறு சாரார் கண்டிப்பு என்ற பெயரில் கெடுக்கிறார்கள்.

குழுப் பயணம் நடத்துவோருக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் விதித்தாளில் விளக்கு, தடை, கொடி, காலவரம்பு, ஒன்றுகூடும் இடம் ஆகியவற்றை எழுதுங்கள். அவற்றை நிறைவு செய்யாதவரைத் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். வண்டியின் வடிவத்தை மட்டும் காரணமாக எழுதாதீர்கள். ஐயம் இருந்தால் ஒரு சிறு பயணத்துக்கு அழைத்துச் சோதித்துப் பாருங்கள். ஆசிரியத் தோழர்களும் பெற்றோரும் தத்தம் விதித்தாளை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டுகிறேன். அதில் பிள்ளையின் உழைப்பு எத்தனை வரியில் இருக்கிறது, வடிவம் எத்தனை வரியில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஜாலான் புசார் என்னும் மலாய்ப் பெயருக்குப் ‘பெரிய சாலை’ என்று பொருள். பெயருக்கேற்ப அதில் லாரியும் பேருந்தும் தள்ளுவண்டியும் நாள்தோறும் சேர்ந்தே செல்கின்றன. மாற்றுக் கருத்து உடையோர், குறிப்பாகக் குழுப் பயணங்களை நடத்திப் பழகியவர்கள், தங்கள் எண்ணத்தை எழுதினால் மகிழ்வேன்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்